'இதர' என்று ஒரு ஃபோல்டர்

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர் தெரிஞ்சவர். இந்தப் போட்டோவையெல்லாம் கொஞ்சம் ஒழுங்குபண்ணிக் கொடுங்க. பவள விழா மலருக்கு வேணும்."

நான் தொழில் செய்யும் ஊரின் வழக்கறிஞர் சங்கச் செயலாளர் இப்படிச் சொல்லிவிட்டு ஒரு ஹார்டு டிஸ்க்கையும், ரப்பர் பேண்டு போட்ட சிடி கட்டு ஒன்றையும், பழைய ஸ்டூடியோ படங்கள் அடைத்த அட்டைப்பெட்டி ஒன்றையும் என் மேசையில் வைத்தார். ஊரின் பெயரையும் சங்கத்தின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. உங்கள் ஊர்ச் சங்கத்தின் பெயரைப் போட்டுப் படித்தாலும் பெரிதாக எதுவும் மாறாது என்றே நினைக்கிறேன்.

மூன்று வாரம், கோர்ட் முடிந்த மாலைகளில் உட்கார்ந்து பார்த்தேன். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். ஃபோல்டர்களின் பெயர்கள் இவை: 'பதவியேற்பு', 'நீதியரசர் வருகை', 'ஆயுத பூஜை', 'குற்றாலம் டூர்', 'கிரிக்கெட்', 'தலைவர் சார் மகள் திருமணம்'. எல்லாவற்றுக்கும் கீழே கடைசியாக ஒன்று: 'இதர'.

'ஆயுத பூஜை'க்குள் ஆண்டு வாரியாகத் தனித்தனி ஃபோல்டர்கள். ஒரு வருடம்கூட விட்டுப்போகவில்லை. பொரி, பொட்டலம், பூசணிக்காய், பொட்டு வைத்த கம்ப்யூட்டர், சட்டப் புத்தகங்களுக்குச் சந்தனம், எல்லாம் அழகாக வரிசையில் இருந்தன.

'இதர'வைத் திறந்தேன். பல ஆண்டுகளின் ஏப்ரல் 14 படங்கள் ஒரே குவியலாகக் கிடந்தன. அம்பேத்கர் சிலைக்கு மாலை போடும் வழக்கறிஞர்கள். கழிப்பறை கேட்டு நின்ற பெண் வழக்கறிஞர்கள். சங்க அறையைப் பெருக்கித் துடைக்கும் தூய்மைப் பணியாளர், ஏதோ படத்தின் ஓரத்தில் தற்செயலாக விழுந்தவர். கூடவே, ஸ்கேன் செய்த ஒரு பழைய படம். ஒன்பது பேர் கறுப்பு கோட்டோடு பேனர் பிடித்து நிற்கிறார்கள். மேலவளவுப் படுகொலையைக் கண்டித்து 1997இல் நடந்த ஆர்ப்பாட்டம் என்பது பேனரைப் படித்தால் தெரிகிறது. கோப்பின் பெயர் 'ஸ்கேன்0002'.

செயலாளரிடம் கேட்டேன். "அந்த 'இதர'வை டெலிட் பண்ணிடுங்க தம்பி, இடத்தை அடைக்குது" என்றார். தலைவர் சார் மகளின் திருமண வீடியோ மட்டும் 'இதர'வைப் போல நான்கு மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

"போட்டோ ஆல்பத்துலகூட சாதியைத் தேடுவியா?" என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. நான் தேடவில்லை. அது அங்கே முன்பே ஒரு ஒழுங்கில் உட்கார்ந்திருந்தது. ஒழுங்குபடுத்துவது என்றால் என்ன? எது எங்கே இருக்க வேண்டும், எதற்குப் பெயர் உண்டு, எதற்கு இல்லை, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பது. இந்த வேலையில் சாதியைவிட அனுபவம் உள்ளவர் இந்த நாட்டில் யார்? ஊருக்கு ஒரு வரைபடம் வைத்திருப்பதுபோல அது ஹார்டு டிஸ்க்குக்கும் ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. நடுவில் கோயிலும் தேரோடும் வீதியும். ஊருக்கு வெளியே 'இதர'.

சுவரில் யார் படம் மாட்டுவது என்பதற்காக நாம் சண்டை போட்டிருக்கிறோம். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றப் பதிவுத்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. நீதிமன்ற வளாகங்களில் காந்தி, திருவள்ளுவர் படங்களும் சிலைகளும் மட்டுமே இருக்கலாம் என்றது அது. அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவருக்கு நீதிமன்றச் சுவரில் இடம் இல்லை! வழக்கறிஞர்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில், அம்பேத்கர் படம் எங்கும் அகற்றப்படாது, இருக்கும் நிலையே தொடரும் என்று தலைமை நீதிபதி சொன்னதாகச் சட்ட அமைச்சர் அறிவிக்க வேண்டி வந்தது. சுவர் கண்ணுக்குத் தெரியும். அதனால் சண்டை போட முடிந்தது. ஹார்டு டிஸ்க் பீரோவுக்குள் இருக்கிறது. அங்கே அம்பேத்கரை 'இதர'வில் தள்ளியதற்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பத் தேவைப்படவில்லை.

அட்டைப்பெட்டியில் இருந்த குழுப் படங்களுக்கு வருவோம். கீழே அச்சிட்ட குறிப்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான். 'அமர்ந்திருப்போர் (இடமிருந்து வலம்)' என்று பத்துப் பெயர்கள். 'நிற்போர்' என்று முப்பது பெயர்கள். ஓரத்தில் காக்கிச் சட்டையோடு நிற்கும் உதவியாளருக்கும், தரையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் பெயர் இல்லை. டிஜிட்டல் கேமரா வந்த பிறகு இந்த வழக்கம் மாறவில்லை, சுருங்கிவிட்டது: 'தலைவர், செயலாளர் மற்றும் பலர்'. இந்த 'மற்றும் பலர்' யார் என்று பாருங்கள். பத்தில் எட்டுப் படத்தில் அதே முகங்கள்தான்.

இதைச் செய்கிறவர்கள் யார்? வழக்கறிஞர்கள். சாட்சி கூண்டில் ஏறினால் பெயர், தகப்பனார் பெயர், வயது, தொழில், முகவரி என்று கேட்காமல் ஒரு வார்த்தை பேச விடாதவர்கள். ஒரு ஆவணத்தைக் காட்டினால் யார் எழுதியது, எப்போது எழுதியது, இத்தனை நாள் யார் வசம் இருந்தது என்று குடைகிறவர்கள். மின்னணு ஆவணத்துக்குப் பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி சான்றிதழ் கேட்டோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவு, கோப்பின் ஹாஷ் மதிப்பையும் சான்றிதழில் எழுதச் சொல்கிறது. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை மாறிவிடும். எதிர்த்தரப்பின் படத்துக்கு இவ்வளவு கேட்கிற நாம், நம் சங்கத்தின் சொந்தப் படத்துக்கு 'மற்றும் பலர்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போகிறோம். தெரியாமல் செய்வதா இது?

படத்தோடு ஒட்டிக்கொண்டே போகும் விவரத்துக்கு மெட்டாடேட்டா என்று பெயர். கேமரா தானாக எழுதுவது எக்ஸிஃப்: நாள், நேரம், லென்ஸ். நாம் எழுத வேண்டியது ஐபிடிசி: என்ன நிகழ்ச்சி, எங்கே, படத்தில் இருப்பவர் யார், எடுத்தவர் யார். 'படத்தில் இருப்பவர்' என்று தனியாக ஒரு கட்டமே உண்டு. அதில் எத்தனை பெயர் வேண்டுமானாலும் எழுதலாம். இடம் போதவில்லை என்று எந்த மென்பொருளும் சொல்லாது. டிஜிகேம் என்ற இலவச மென்பொருள் போதும். ஆக, தொழில்நுட்பம் தடை இல்லை. கட்டம் காலியாக இருப்பதற்குக் காரணம், அந்தப் பெயரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததுதான்.

எனக்கும் தோன்றவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். சங்க அறையைச் சுத்தம் செய்பவரை ஆறு வருடமாக 'அக்கா' என்று கூப்பிடுகிறேன். அந்தக் கட்டத்தை நிரப்ப உட்கார்ந்த அன்றுதான் அவர் பெயர் எனக்குத் தெரியாது என்று தெரிந்தது. 'அக்கா' என்று கூப்பிட்டதால் நான் நல்லவன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உறவு சொல்லிக் கூப்பிடுவது, பெயர் தெரியாததை மறைக்க நல்ல வசதி.

இங்கே இளந்தோழர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்டார்கள்: "அப்படியென்றால் ஒவ்வொருவருக்கும் சாதியையும் டேக் செய்துவிடலாமே? யாருக்கு எவ்வளவு இடம் என்று புள்ளிவிவரமாகவே காட்டலாம்."

வேண்டாம். அந்த வேலையை ஏற்கெனவே ஒருவர் செய்து பார்த்துவிட்டார். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா'வைப் புரட்டிப் பாருங்கள். நானூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பாலானவற்றின் கீழே சாதியின் பெயரோ இனத்தின் பெயரோ இருக்கும், மனிதரின் பெயர் இருக்காது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகள் போட்டார். காலனிய ஆவணம் மனிதரிடமிருந்து பெயரைப் பிடுங்கிச் சாதியை ஒட்டியது. நம் சங்கத்து ஆவணம் பெயரையும் எழுதுவதில்லை, சாதியையும் எழுதுவதில்லை. ஆனால் இரண்டையும் பார்க்கிறவர் மனதில் சரியாக ஒட்டிவிடுகிறது. காக்கிச் சட்டையும் துடைப்பமும் போதாதா?

அதனால் நான் வைத்துக்கொண்ட விதி எளிது. மனிதருக்குப் பெயரை எழுது, சாதியை எழுதாதே. நிகழ்வுக்குச் சாதியை எழுது, மழுப்பாதே. மேலவளவு ஆர்ப்பாட்டப் படத்துக்கு 'பொதுப் பிரச்சினைக்கான ஆர்ப்பாட்டம்' என்று குறிப்பு எழுதச் சொன்னார் ஒரு மூத்தவர். என்ன பொதுப் பிரச்சினை? தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனை, தலைவரானார் என்பதற்காகவே 1997 ஜூன் 30 அன்று ஆதிக்க சாதியினர் வெட்டிக் கொன்றார்கள். அவரோடு இருந்தவர்களையும் கொன்றார்கள். அதற்குப் பெயர் சாதிவெறிப் படுகொலை. குறிப்பிலும் அப்படித்தான் எழுதினேன்.

இன்னொரு சிக்கலும் வந்தது. 1950களின் படங்களில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு சாதிப் பட்டம் தொங்குகிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானம் போட்டு கால் நூற்றாண்டுக்குப் பிறகும் நம் படித்த வழக்கறிஞர்கள் வாலோடுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். டிஜிட்டலாக்கும்போது அதை அழிப்பதா, வைத்துக்கொள்வதா?

இப்போதுள்ள நிர்வாகிகளுக்கு அழிப்பதில் ஆட்சேபணையே இல்லை. "எடுத்துடுங்க தம்பி, இப்ப யார் சாதி பாக்குறா?" என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழித்தால் என்ன ஆகும்? 'எங்கள் சங்கத்தில் என்றைக்கும் சாதி இருந்ததில்லை' என்று பவள விழா மலரில் எழுத வசதியாகும். சாட்சியைக் கலைப்பது என்று இதற்கு நம் தொழிலில் பெயர் உண்டு. எனவே பழைய குறிப்பை எழுத்து மாறாமல் 'மூலக் குறிப்பு' என்ற கட்டத்தில் அப்படியே வைத்தேன். நாம் புதிதாக எழுதும் 'பெயர்' கட்டத்தில் பட்டம் இல்லை. சாதி இருந்ததற்கான சாட்சியத்தைக் காப்பாற்ற வேண்டும். அது செய்த வேலையை நாம் தொடரக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் நம் நல்லெண்ணக்காரர்கள் வழுக்கி விழுகிறார்கள்.

"இதெல்லாம் எதுக்கு? ஏஐ முகத்தை அடையாளம் கண்டு தானா பெயர் போட்டுடும்" என்றார் ஒரு ஜூனியர் நண்பர். போடும். யாருடைய பெயரை நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்களோ அவர்கள் பெயரைப் போடும். பத்து வருடமாகத் தலைவருக்கு மட்டும் பெயர் எழுதிய ஆவணத்தைக் கொடுத்தால் தலைவரை மட்டுமே இன்னும் வேகமாகக் கண்டுபிடித்துத் தரும். இந்த இயந்திரங்களின் கண்ணும் நடுநிலையானதல்ல. ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகிய இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 விழுக்காடு. கறுத்த தோலுடைய பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை போனது. நம் படத்தின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை அது எப்படிப் பார்க்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஆர்ப்பாட்டத்தில் நின்றவர்களின் முகங்களை வரிசைப்படுத்திப் பெயர் ஒட்டிய பட்டியல் தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்.

பெயர் எழுது என்று சொல்வதற்கும் எல்லாப் பெயரையும் ஊருக்குக் காட்டு என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களோடு வழக்கறிஞர்கள் எடுத்துக்கொண்ட படங்கள் 'இதர'வில் இருந்தன. சிலவற்றில் குழந்தைகள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று சட்டம் படித்தவர்கள், அந்தப் படங்களைச் சங்க வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து கைதட்டு வாங்கியிருக்கிறார்கள். அவற்றைத் தனியாகப் பூட்டினேன். அழிக்கவில்லை. தலைவருக்குப் பெயர் போடுவது மரியாதை என்றால், இவர்களுக்குப் பெயரைக் காப்பது மரியாதை.

அக்காவிடம் போனேன். "உங்க பேரை ஆல்பத்துல எழுதலாமாக்கா?" என்றேன். சிரித்தார். பிறகு கேட்டார்: "இத்தனை வருசமா இல்லாம இப்ப எதுக்குப்பா?" பதில் சொல்ல வாய் வரவில்லை. எழுதிக்கொள்ளச் சொன்னார். இண்டர்நெட்டில் போட வேண்டாம் என்றார். அதனால்தான் அவர் பெயர் சங்க ஆவணத்தில் இருக்கிறது, இந்தக் கட்டுரையில் இல்லை. வேலையில் சேர்ந்த வருடத்தையும் அவரே சொன்னார். படங்களைத் தேடிப் பார்த்தால் ஆறு தலைவர்களின் காலத்தில் அவர் இருக்கிறார். இந்தச் சங்கத்தில் இத்தனை நாள் தொடர்ந்து வந்தவர் ஒருவரும் இல்லை.

அந்த 1997 படத்தில் இருந்த ஒன்பது பேரை நிர்வாகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "அது சங்கம் நடத்துனது இல்லையே தம்பி, தனிப்பட்ட முறையில சிலர் செஞ்சது" என்றார் செயலாளர். சங்கம் ஏன் நடத்தவில்லை என்று நான் கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. ஓய்வுபெற்ற ஒரு குமாஸ்தா ஐயாவின் வீட்டுக்குப் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பத்து நிமிடத்தில் ஏழு பேரின் பெயரைச் சொன்னார். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்றார். ஒருவர் இந்த ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு சீனியரிடமிருந்து வெளியேற்றப்பட்டு, வேறு ஊருக்குப் போய்த் தொழில் செய்தார் என்றார். மீதி இருவருக்குப் 'பெயர் தெரியவில்லை, தேடப்படுகிறது' என்று எழுதியிருக்கிறேன். 'மற்றும் பலர்' என்று எழுதினால் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

இந்தப் பெயர்கள் ஒரு முதியவரின் நினைவில் மட்டும் இருந்தன. நான் இரண்டு வருடம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? செயலாளர் சொன்னபடி அன்றே டெலிட் செய்திருந்தால்?

கடைசியாக ஒன்று, சாவி. இந்தப் படங்களின் ஆன்லைன் பிரதி முன்னாள் செயலாளர் ஒருவரின் சொந்த ஜிமெயில் கணக்கில் இருக்கிறது. பாஸ்வேர்டு அவரிடம் மட்டும். கேட்டால், "எதுக்கு எல்லாருக்கும்? யாராவது கெடுத்துடுவாங்க" என்கிறார். கருவறைக்குள் எல்லோரும் வந்தால் தீட்டாகிவிடும் என்பதைக் கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னால் இப்படித்தான் இருக்கும். இரண்டு வருடம் பயன்படுத்தாமல் கிடக்கும் கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம் என்பதும் அவருக்குத் தெரியாது. ஆவணம் பொதுச் சொத்து. குறைந்தது மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். சாவி பொறுப்புக்குச் சேர வேண்டும், ஆளுக்கு அல்ல. எதையும் நீக்க வேண்டுமென்றால் செயற்குழுத் தீர்மானமும், ஏன் நீக்கினோம் என்ற பதிவும் வேண்டும்.

'இதர' என்ற ஃபோல்டர் இப்போது இல்லை. நான் டெலிட் செய்யவில்லை. அதிலிருந்த ஒவ்வொரு படத்துக்கும் ஆண்டு-மாதம்-நாள் என்று பெயர் வைத்து, மற்றப் படங்களோடு ஒரே வரிசையில் வைத்துவிட்டேன். இப்போது ஏப்ரல் 14 பதவியேற்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. காலவரிசை யாருக்கும் முதல் மரியாதை தராது.

மலரில் 1997 படம் வராது என்று சொல்லிவிட்டார்கள். பக்கம் இல்லையாம். வாழ்த்துச் செய்திகளுக்கு நாற்பது பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தச் சண்டை வரும் பொதுக்குழுவில் நடக்கும். இந்த முறை கையில் படம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஹாஷ் மதிப்பும் இருக்கிறது.

தோழர்களே, நீங்கள் மருத்துவராக, பொறியாளராக, ஆசிரியராக, பத்திரிகையாளராக ஏதோ ஒரு சங்கத்தில் இருப்பீர்கள். அங்கேயும் ஒரு ஹார்டு டிஸ்க் பீரோவில் இருக்கும். இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். அதில் 'இதர', 'மற்றவை', 'மிசலேனியஸ்' என்று ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லி வாங்காதீர்கள், தேதியும் விவரமும் போய்விடும். நேரடியாகப் பிரதி எடுங்கள். பிறகு அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு, அந்த அலுவலகத்தில் அதிக நாள் வேலை செய்த கடைநிலை ஊழியரிடம் போய் உட்காருங்கள். போவதற்கு முன் அவர் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்.